சாக மறுக்கும் வேந்தன்: மயில்ராவணன் கதையும் அதிகற்பனைப் புதினங்களும்

மேலைநாட்டு அதிகற்பனைப் புதினங்களை விரும்பி வாசிக்கும் இளைஞர் இன்று நம் சபைகளில் பலர் உளர். அப்புதினங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் பகைவன் ஒருவன் உண்டு. அவன் அரசன், மந்திரம் வல்லவன், இறந்தும் இறவாதவன். உடல் உலர்ந்து எலும்பான பின்னும் அரியணையை விட்டு அகலாதவன். அவனது உயிர் அவனுடைய உடலில் இல்லை. வேறெங்கோ ஒளித்து வைக்கப்பட்டுள்ளது. ஆகவே வாள் கொண்டு வெட்டினாலும் அவன் மாள்வதில்லை. இப்பாத்திரத்தைப் பேய்க்கதை என்று வெறுத்து ஒதுக்கும் ஆயர்களும் உளர். வெறும் பொழுதுபோக்கு என்று கடந்து செல்லும் மாணவர்களும் உளர். இவ்விரு போக்குகளும் போதா. இப்பாத்திரத்தின் வேர்கள் மிகத் தொன்மையானவை. அவற்றுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே ஆழ ஓடியிருக்கிறது. அந்த வேரைத் தோண்டிப் பார்ப்போர்க்கு, இக்கதை சாவைக் காட்டிலும் ஆட்சியைப் பற்றியே பேசுகிறது என்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாத்திரத்தின் இக்கால வடிவம்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையில், இருளின் தலைவனாகிய சௌரான் மாந்தருள் ஒன்பது பேருக்கு மோதிரங்களை அளிக்கிறான். அவற்றைப் பெற்றோர் அரசராகவும் மந்திரம் வல்லோராகவும் உயர்கின்றனர். ஆனால் காலப்போக்கில் உருவிழந்து, சாவும் இன்றி வாழ்வும் இன்றி, சௌரானுக்கு அடிமைகளாகின்றனர். அவர்களுள் தலைவன் அங்மார் நாட்டின் சூனியக்கார மன்னன். சௌரானும் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஒரு மோதிரத்துக்குள் வைத்துவிட்டவன். அது உருகி அழியும் நாளில் அவனும் அழிகிறான்.

1970களில் அமெரிக்காவில் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதை விளையாட்டு இப்பாத்திரத்துக்கு 'லிச்' என்ற பெயரை வழங்கியது. 1975இல் வெளிவந்த அதன் துணைநூல் ஒன்றில் லிச் முதன்முதலாக இடம்பெற்றது. பிணம் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் அது. இந்த மந்திரவாதி தன் உயிரை அடைத்து வைக்கும் பேழைக்கு அவ்விளையாட்டில் வழங்கிய பெயரோ இறையியல் மாணவரைத் திடுக்கிடச் செய்யும். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர் அகலமாக்கிக் கொண்டதாகக் கூறப்படும் காப்புநாடாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அது. இறைவனின் கட்டளையை நெற்றியிலும் கையிலும் கட்டி நினைவுகூர்வதற்கான பொருளின் பெயர், தன் உயிரைத் தானே பூட்டி வைக்கும் பேழைக்குப் பெயராயிற்று. யூதரின் வழிபாட்டுப் பொருளை இவ்வாறு கையாள்வது தகாது என்று பின்னர் ஆட்சேபம் எழுந்தது; அந்த ஆட்சேபம் நியாயமானதே.

1997 முதல் 2007 வரை வெளிவந்த ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நூல்களில் வரும் வால்டமோர்ட், தன் உயிரைப் பல கூறுகளாகப் பிளந்து வெவ்வேறு பொருள்களில் ஒளித்து வைக்கிறான். ஒவ்வொரு கூறையும் பிரிப்பதற்கு ஒரு கொலை தேவைப்படுகிறது. இக்குறிப்பை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2. உடலுக்கு வெளியே உயிர்

உயிரை உடலுக்கு வெளியே வைத்தல் என்னும் கருத்து உலகின் பல பகுதிகளிலும் காணப்படுகிறது. கி.மு. 1200 அளவில் எழுதப்பட்ட எகிப்தியக் கதையொன்றில், இரு சகோதரருள் இளையவன் தன் இதயத்தை ஒரு மரத்தின் பூவின்மேல் வைக்கிறான். ருசிய நாட்டுக் கதைகளில் வரும் சாவற்ற கோஷ்செய் என்பவனின் சாவு ஓர் ஊசி முனையில் உள்ளது. ஊசி முட்டைக்குள்ளும், முட்டை வாத்துக்குள்ளும், வாத்து முயலுக்குள்ளும், முயல் பெட்டிக்குள்ளும் இருக்கின்றன. நம் பாட்டிமார் சொல்லும் கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் இருக்கும். முதலையின் முதுகில் அமர்ந்துகொண்டு, தன் இதயத்தை மரத்தில் விட்டுவந்ததாகக் குரங்கு பொய் சொல்லித் தப்பும் பஞ்சதந்திரக் கதையையும் நாம் அறிவோம். இக்கருத்து கேட்போருக்குப் பழக்கமானதாய் இருந்தமையாலன்றோ அந்தப் பொய் பலித்தது!

இக்கதைகளை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் ஓர் இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணும் உண்டு என்பது பலர் அறியாதது. பம்பாய் ஆளுநரின் மகளான மேரி ஃபிரேர், 1868இல் தக்காணக் கதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அக்கதைகளை அவருக்குச் சொன்னவர் அன்னா லிபரேட்டா டி சூசா என்னும் ஆயா. அவற்றுள் ஒன்று பஞ்ச்கின் என்னும் மந்திரவாதியின் கதை. அவன் இளவரசர்களைக் கல்லாக்கிவிட்டு, அரசி ஒருத்தியைப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறைவைக்கிறான். அவனது உயிர் தொலைதூரக் காட்டில் கூண்டிலிருக்கும் ஒரு பச்சைக்கிளியில் உள்ளது. ஜேம்ஸ் ஃபிரேசர் தம் 'பொற்கிளை' என்னும் நூலில் புற உயிர் பற்றிய ஆய்வில் முன்வைக்கும் சான்றுகளுள் இக்கதை முதன்மையானது. நூலாசிரியர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்குக் கதை சொன்னவரின் பெயர் நிலைக்கவில்லை.

3. பாதாள வேந்தன் மயில்ராவணன்

மேற்கூறிய கதைகளில் வருவோர் பெரும்பாலும் அரக்கரோ தனி மந்திரவாதிகளோ ஆவர். அரசனும் மந்திரவாதியும் ஒருவனாய், உயிரை வெளியே ஒளித்து வைத்த பாத்திரம் தமிழில் மயில்ராவணன். வான்மீகியிலும் இவன் இல்லை, கம்பனிலும் இல்லை. வங்காளத்துக் கிருத்திவாசரின் இராமாயணத்திலும், வடமொழி ஆனந்த இராமாயணத்திலும், தென்னக வாய்மொழி மரபுகளிலும் இவன் வாழ்கிறான். தமிழில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகமாகவும் கூத்தாகவும் தோற்பாவை நிழற்கூத்தாகவும் உலவியவன் இவன். செக்கோசுலோவாக்கியத் தமிழறிஞர் கமில் சுவெலபில் இக்கதையை, மதனகாமராசன் கதையோடு சேர்த்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1987இல் வெளியிட்டார்.

கதையின் சுருக்கம் இது. இலங்கைப் போரில் இராவணன் தளர்ந்த வேளையில், பாதாள இலங்கையின் வேந்தனாகிய மயில்ராவணன் அவனுக்கு உதவ முன்வருகிறான். அனுமன் தன் வாலினால் அமைத்த கோட்டையையும் மாயத்தால் கடந்து, உறங்கும் இராமனையும் இலக்குவனையும் கவர்ந்து சென்று காளிக்குப் பலியிட ஏற்பாடு செய்கிறான். அனுமன் தாமரைத் தண்டின் வழியே பாதாளத்தில் இறங்குகிறான். அங்கே நீர் எடுக்க வந்த பெண்ணொருத்தி அழுதுகொண்டு நிற்கிறாள். அவள் மயில்ராவணனின் தங்கை. தூரதண்டி என்றும் பிறவாறும் அவள் பெயர் வழங்குகிறது. அவளுடைய மகன் நீலமேகன் அடுத்து நாடாள்வான் என்று முன்னறிவிப்பு உண்டானதால், மயில்ராவணன் அவனைச் சிறையிலிட்டிருக்கிறான். அனுமனை நகருக்குள் கொண்டு சேர்ப்பவள் அவளே. மயில்ராவணன் வெட்ட வெட்டச் சாகாமல் எழும்போது, அவனுடைய உயிர் ஐந்து வண்டுகளில் உள்ளது என்ற மறைபொருளை அவள் வெளியிடுகிறாள். வண்டுகள் நசுக்கப்பட வேந்தன் வீழ்கிறான். சிறைப்பட்ட மருமகன் முடிசூடுகிறான்.

முதலாம் இராமர் என்னும் அரசரின் காலத்தில், 1797இல் இயற்றப்பட்ட தாய்லாந்தின் இராமகியனிலும் இதே அமைப்பு அப்படியே காணப்படுகிறது. அங்கு அவன் பெயர் மையராப்; அவனுடைய உயிர் திரிகூட மலைமேல் வண்டாக இருக்கிறது. அங்கும் மகனைச் சிறையில் பறிகொடுத்த பெண்ணே அனுமனுக்கு வழிகாட்டுகிறாள்; அங்கும் அந்த மகனே அரசனாகிறான். கடல் கடந்து சென்ற கதையில் பெயர்கள் மாறியும் இக்கூறு மாறவில்லை. எனவே இது கதையின் ஓர் ஒட்டு அன்று, உயிர்நாடி என்று கொள்ளுதல் தகும்.

4. அவனது குற்றம் யாது?

சாவாமை தீது என்று தமிழ் மரபு கருதியதில்லை. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தார் மேற்கே நிமிர்ந்து நிற்கும் பொதிகை மலையில் சித்தர்கள் இன்னும் உறைகின்றனர் என்று சொல்வது வழக்கம். வள்ளலார் (1823–1874) மரணமிலாப் பெருவாழ்வைப் பாடினார். இவர்களை ஒருவரும் அஞ்சியதில்லை. ஏனெனில் இவர்கள் நாடாளவுமில்லை. தம் வாழ்வுக்காகப் பிறர் வாழ்வைக் கேட்கவுமில்லை.

மயில்ராவணன் செய்த பிழை வேறு. முன்னறிவிப்பைக் கேட்டவுடன் அவன் தன் வாரிசைச் சிறையிலிடுகிறான். தன் உயிரைப் பேழையில் அடைப்பதும் பிறன் மகனைச் சிறையில் அடைப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். தனக்குப்பின் ஒருவன் வருவான் என்பதை ஏற்காத ஆட்சியே சாகாத ஆட்சி. மகாபாரதத்தின் யயாதி தன் மூப்பை மகன் பூருவுக்குக் கொடுத்து, அவனது இளமையைப் பெற்று நெடுங்காலம் இன்பம் துய்க்கிறான். ஆயினும் இறுதியில் தெளிந்து, இளமையைத் திருப்பிக் கொடுத்து, அரசையும் மகனிடமே ஒப்படைக்கிறான். அந்தத் தெளிவு வராத யயாதியே மயில்ராவணன் எனலாம். இந்நோக்கில் வால்டமோர்ட்டின் ஒவ்வொரு பேழைக்கும் ஒரு கொலை தேவைப்படுவது ஆழ்ந்த பொருளுடையதாகிறது. ஓர் அரசனின் முடிவற்ற வாழ்வுக்கு விலை கொடுப்போர் எப்போதும் பிறரே. ரௌலிங் இதனை உணர்ந்தே எழுதியிருக்கிறார். ஆனால் எலும்புருவையும் ஒளிரும் கண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சிறைப்பட்ட வாரிசை மறந்துவிடும் பிற்காலக் கதைகளும் விளையாட்டுகளும் மிகப்பல. அவற்றில் பகைவன் அச்சத்தை விளைவிக்கிறான். ஆனால் யாருக்கு அநீதி செய்தான் என்று கேட்டால் விடையில்லை. அவற்றின் இலக்கியக் குறைபாடு இதுவே.

5. மறைபொருளை அறிந்தவள்

அரசனின் உயிர் எங்கே உள்ளது என்பது வீரனுக்குத் தெரியாது. அறிந்தவள் அவனுடைய வீட்டிலேயே நீர் சுமந்து, அவனுடைய கொடுமையை அன்றாடம் தாங்கும் பெண். பஞ்ச்கின் கதையிலும் சிறைப்பட்ட அரசியே நயமாகப் பேசி இரகசியத்தைப் பெறுகிறாள். அங்கு அவளுடைய மகன் கிளியைக் கையில் பிடித்தவுடன் அதைக் கொன்றுவிடவில்லை. கல்லானோர் அனைவரையும் மந்திரவாதி மீண்டும் மனிதராக்கும்படி முதலில் கட்டாயப்படுத்துகிறான். பழிவாங்குதலுக்கு முன் விடுதலை என்னும் இவ்வொழுங்கு எண்ணத்தக்கது.

டோல்கீனின் கதையில் அங்மார் மன்னனை வீழ்த்துபவர்களுள் முதன்மையானவள் ஈயோவின் என்னும் பெண். ஆண்மகன் எவன் கையாலும் அவன் வீழமாட்டான் என்ற வாக்கில் இருந்த இடைவெளியின் வழியே அவள் வருகிறாள். உள்ளும் புறமும், பகலும் இரவும் ஆகாத வேளையில் இரணியன் வீழ்ந்த கதையை அறிந்த நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆயினும் ஈயோவின் வாளேந்தி வெளியிலிருந்து வருபவள். தூரதண்டி குடமேந்தி உள்ளேயே இருப்பவள். மேலைநாட்டுப் புதினம் பெண்ணுக்கு வாள் கொடுத்தது பெருமையே. ஆனால் வாளில்லாதவளின் அறிவு அங்கே இடம் பெறவில்லை.

இவ்விடத்தில் நேர்மையான வாசகர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரத்தில் சிம்சோனின் வலிமை அவனது தலைமயிரில் இருந்ததே. அந்த மறைபொருளைத் தெலீலாள் வெளியிட்டாளே. அவளை நாம் துரோகி என்கிறோமே. தூரதண்டியை மட்டும் எவ்வாறு போற்றுவது? ஃபிரேசரும் 1918இல் வெளியிட்ட பழைய ஏற்பாட்டு நாட்டார் வழக்காறுகள் பற்றிய நூலில் சிம்சோனை இக்கதைகளோடு ஒப்பிட்டிருக்கிறார். பெலிஸ்தர் அக்கதையைச் சொல்லியிருந்தால் தெலீலாள் வீராங்கனை ஆகியிருப்பாள் என்பதும் மெய்யே. ஆனால் வேறுபாடு கதையிலேயே உள்ளது. தெலீலாள் அதிபதிகளிடம் வெள்ளிக்காசு பெற்று மறைபொருளை விற்றாள். தூரதண்டி மகனின் சிறைக்கதவு திறக்கும்பொருட்டு அதைச் சொன்னாள். மறைபொருள் யாரை நோக்கிச் செல்கிறது, அதிகாரத்தை நோக்கியா, சிறையை நோக்கியா என்று கேட்பதே தகுந்த அளவுகோல்.

6. திருமறையில் சாகாத அரசர்

ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் பாபிலோன் அரசன் பாதாளத்தில் இறங்கும்போது, முன்னரே மாண்ட மன்னர்கள் தத்தம் ஆசனங்களைவிட்டு எழுந்து, நீயும் எங்களைப்போல் ஆனாயே என்ற கருத்தில் அவனை வரவேற்கின்றனர். இது பகடி கலந்த புலம்பற்பாட்டு. அங்கு இறந்த அரசர்க்கு அரியணை உண்டு, ஆட்சி இல்லை. கி.பி. 68இல் நீரோ மாண்டபின், அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி கீழைநாடுகளில் பரவியது. போலி நீரோக்களும் தோன்றினர். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் சாவுக்கேதுவான காயம் ஆறிய மிருகத்தின் பின்னணியில் இவ்வதந்தி உண்டு என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. கொடுங்கோலன் ஒருவன் மாண்டாலும் அவனுடைய ஆட்சிமுறை எழுந்து நடக்கும் என்பதை முதல் நூற்றாண்டுச் சபை தன் உடலில் அறிந்திருந்தது.

மயில்ராவணன் கதைக்கு மிக நெருங்கிய பகுதி 2 இராஜாக்கள் 11ஆம் அதிகாரம். அத்தாலியாள் ராஜவம்சத்தார் அனைவரையும் கொன்று தானே ஆள்கிறாள். மாண்ட அரசனின் சகோதரி யோசேபாள், குழந்தை யோவாசைத் திருடி எடுத்து ஆறு ஆண்டுகள் ஆலயத்தில் ஒளித்து வைக்கிறாள். இங்கும் அரண்மனையின் உள்ளேயிருந்தே ஒரு பெண் வாரிசைக் காக்கிறாள். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் அடிகள் விசுவாசிகளின் ஜீவன் மறைந்திருக்கும் இடத்தைச் சொல்கிறார். உயிர் வெளியே மறைந்திருத்தல் என்னும் இதே உருவகம் அங்கே தலைகீழாகிறது. ஏற்கெனவே மரித்தவர்களின் ஜீவன் அது. பூட்டும் காவலும் அதற்கு இல்லை.

7. ஓர் எச்சரிக்கை

மந்திரவாதி அரசனாக இருக்கும்வரை இக்கதை அதிகாரத்துக்கு எதிரான தீர்ப்பாக நிற்கிறது. மந்திரவாதி என்னும் பெயர் ஏழையின்மேல் விழும்போது, அதே கதை ஒடுக்குமுறையின் கருவியாகிவிடுகிறது. நெல்லை, குமரி வட்டாரங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் சுடலைமாடன் கதையில், மலையாள நாட்டு மந்திரவாதியாக வருபவன் காளிப்புலையன். அவனையும் அவன் குடும்பத்தையும் மாடன் அழிக்கிறான். புலையர் திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மக்கள். அவர்களுள் ஒருவன் கதையில் மட்டும் அனைவரும் நடுங்கும் ஆற்றலுடையவன் ஆனது எவ்வாறு? ஒடுக்கியவனின் உள்ளத்திலிருந்த அச்சமே அவ்வாற்றலாக உருவெடுத்ததோ என்று எண்ண இடமுண்டு. பில்லி, சூனியம் என்று சிற்றூர்களில் விரல் நீட்டப்படுவோர் இன்றும் பெரும்பாலும் கைம்பெண்களும் முதியோரும் நிலமற்றோருமே. மயில்ராவணன் கதையை மேடையில் எடுத்தாளும் ஆயர், அரண்மனையைக் குறித்த கதையைச் சேரியின்மேல் திருப்பிவிடாதபடி கவனம் கொள்ளல் வேண்டும்.

8. வீரகேரளம்புதூர் தரும் மறுமொழி

தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூர், ஊற்றுமலை ஜமீனின் தலைநகராய் இருந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை ஆண்ட இருதயாலய மருதப்பத் தேவர் புலவர்களைப் போற்றியவர். இதயமே ஆலயம் என்று பொருள்படும் பெயருடையவர். அவரது அவையில் இருந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகனைப் பாடிய காவடிச்சிந்தை இயற்றினார். முப்பது வயதைத் தாண்டாமலே மறைந்தார். 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாண எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களின் ஆட்சி முடிந்தது. வரி செலுத்திய குடியானவருக்கு அது இழப்பன்று. புரவலரும் இல்லை, புலவரும் இல்லை, ஜமீனும் இல்லை. காவடிச்சிந்து மட்டும் இன்றும் காவடி எடுப்போரின் நாவில் வாழ்கிறது.

உயிரை உடலுக்கு வெளியே வைத்தல் இவ்வாறும் கூடும். மயில்ராவணன் அதைப் பேழையில் பூட்டினான். ஆகவே பேழை உடைந்த நாளில் ஒன்றும் எஞ்சவில்லை. பாட்டோ பிறர் கையில் கொடுக்கப்பட்டது. ஆகவே உடைப்பதற்கு அங்கே பேழையில்லை. பேராயமாயினும், குருமனையாயினும், கல்லூரியின் முதல்வர் நாற்காலியாயினும், அடுத்து வருபவனைச் சிறையிடாமல் அவனுக்குக் கற்றுக்கொடுத்து இறங்கிச் செல்பவரே சாவை மெய்யாகவே கடந்தவர்.

இத்தகைய புதினத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வரும் இளைஞரிடம் அதைப் பறிக்க வேண்டியதில்லை. மூன்று வினாக்களைக் கேட்டால் போதும். இந்த அரசன் தன் உயிரை எங்கே ஒளித்தான்? அதற்காக யாரைச் சிறையிலிட்டான்? அந்த இடத்தை அறிந்து அழுதுகொண்டிருப்பவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாத புதினம் இன்னும் முழுமை பெறாத புதினம். அவ்வினாவைத் தன் சொந்த ஊரில் கேட்டுப் பார்க்கும் ஆயருக்கு, நீர்க்குடத்தோடு நிற்கும் ஒருத்தியை அடையாளம் காண்பது அரிதாயிராது.